லாகின் ஆன பிறகு லேப்டாப் நின்றுவிட்டதா? சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்வேர்டை அடித்தாயிற்று, ‘வெல்கம்’ என்று வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் கருப்புத் திரை, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம், அல்லது யாருடையதோ போல ஒரு காலி டெஸ்க்டாப். சர்வீஸ் வேலை பார்க்கும் என்னிடம் இப்படி லேப்டாப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது “ஃபார்மட் அடிச்சிடலாமா?” என்பதைத்தான். அவசரப்பட வேண்டாம். லாகின் திரை வரை வந்த லேப்டாப்பில் மதர்போர்டும் திரையும் வேலை செய்கின்றன, டிஸ்க்கும் ஓரளவுக்காவது படிக்கிறது. உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, விண்டோஸைச் சரிசெய்வது அப்புறம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் யோசிக்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லினக்ஸுக்குத் தனிக் கேள்வி உண்டு.

பாஸ்வேர்டு சரிதான், உள்ளே போகிறது. அப்புறம் ஏன் டெஸ்க்டாப் வரவில்லை?

பாஸ்வேர்டு சரி என்று ஆனதும் விண்டோஸ் வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது. முதலில் உங்கள் பெயரில் உள்ள புரொஃபைலைத் திறக்கும். வால்பேப்பர் முதல் பிரிண்டர் வரை உங்கள் அமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அடுத்து யூசர்இனிட் என்ற சின்ன புரோகிராம் ஓடி, எக்ஸ்ப்ளோரரை எழுப்பும். டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் அந்த எக்ஸ்ப்ளோரரின் வேலை. கடைசியாக, தானாகத் தொடங்கும்படி வைத்திருக்கும் புரோகிராம்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ‘வெல்கம்’ வட்டம் நிற்காமல் சுற்றினால் புரொஃபைலிலோ டிஸ்க்கிலோ சிக்கல். கருப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்ந்தால் எக்ஸ்ப்ளோரர் எழவில்லை, அல்லது திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் தடுமாறுகிறது. டெஸ்க்டாப் வந்தும் எதைத் தொட்டாலும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்அப் புரோகிராம்களையோ டிஸ்க்கையோ சந்தேகப்பட வேண்டும்.

சரி, முதலில் எதைத் தொட வேண்டும்?

எதையும் தொடாமல் சற்றுப் பொறுங்கள். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் என்றால், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டு இருக்கிறதென்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பொறுத்தும் வரவில்லையா? பென்டிரைவ், பிரிண்டர், டாங்கிள், எச்டிஎம்ஐ கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ‘ஷட்டவுன்’ வேண்டாம், ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பல லேப்டாப்களில் ஆனில் இருக்கும். அதனால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே பழைய நிலை திரும்ப வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். “நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்” என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாவதற்குக் காரணம் இதுதான்.

கருப்புத் திரை. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது.

அம்பு நகர்கிறதென்றால் நல்ல செய்திதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி அந்தப் பட்டியலிலிருந்து திறக்கலாம். அதில் புதிய டாஸ்க் ஓட்டும் பட்டன் இருக்கிறது. பழைய வடிவத்தில் ‘ஃபைல்’ மெனுவுக்குள் இருக்கும். அதைத் தட்டி, எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் கொடுங்கள். டாஸ்க்பாரும் ஐகான்களும் வந்து உட்கார்ந்தால், எக்ஸ்ப்ளோரர் மட்டும்தான் எழாமல் இருந்திருக்கிறது.

வந்தவுடன் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். அதன் பிறகு காரணத்தைத் தேடலாம். சமீபத்தில் போட்ட புரோகிராமை நீக்கிப் பாருங்கள். கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, அதை ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடித்தால், கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை விண்டோஸே தேடித் திருத்தும். ஒவ்வொரு முறையும் இதே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் அவசியம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்ப்ளோரரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதிவைத்துவிடும் வைரஸ்கள் உண்டு.

ஏற்காடு, நாகலூர் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதிலை அழுத்திச் சொல்கிறேன். மூன்று கீயை அழுத்தினால் தீரக்கூடிய விஷயத்துக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, சாயங்காலம் மறுபடி ஏறிப் போக வேண்டாம். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

திரை வந்து வந்து போகிறது, மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதையே கவனியுங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர் கோளாறு. மற்றதெல்லாம் மினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் ஒத்துப்போகவில்லை. முதலாவதுக்கு, அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் எழும் சேஃப் மோடில் (வழி கீழே இருக்கிறது) போய் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்ப வேண்டும், இரண்டாவதுக்கு அந்தப் புரோகிராமைத் தூக்க வேண்டும்.

அம்புகூட இல்லை. ஆனால் லாகின் ஆகும்போது சத்தம் கேட்கிறது.

விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். ஒரு ‘பீப்’ கேட்கலாம். அதிலும் வராவிட்டால் விண்டோஸ் கீயோடு இன்னொரு பி (P) அழுத்தி, மேல் அல்லது கீழ் அம்புக் கீயால் ஒன்று நகர்ந்து என்டர் கொடுத்துப் பாருங்கள். செமினார் ஹாலில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டிவிட்டு வந்த மாணவர்களின் லேப்டாப்பில் ‘இரண்டாவது திரை மட்டும்’ என்ற அமைப்பு அப்படியே நின்றுவிடுவது உண்டு.

என் டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாமே காணாமல் போய்விட்டது!

தயவுசெய்து பதறாதீர்கள், புதிதாக எதையும் அதில் சேமிக்கவும் வேண்டாம். மூலையில் ‘டெம்பரரி புரொஃபைல்’ என்று ஓர் அறிவிப்பு வந்ததா? உங்கள் புரொஃபைலைத் திறக்க முடியாததால் விண்டோஸ் தற்காலிகமாக ஒரு வெற்று டெஸ்க்டாப்பைக் கொடுத்திருக்கிறது. உங்கள் பழைய ஃபைல்கள் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டரில், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் இருக்கும். போய்ப் பாருங்கள், மனசு அடங்கும்.

இந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் நீங்கள் சேமிப்பதெல்லாம் சைன் அவுட் ஆனதும் அழிந்துபோகும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். காலேஜ் புராஜெக்டை ராத்திரி முழுக்க இதில் உட்கார்ந்து டைப் செய்து, டெஸ்க்டாப்பிலேயே சேமித்து, காலையில் ஒன்றுமில்லாமல் வந்து நின்ற பெண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பழைய ஃபைல்கள் முழுதும் கிடைத்தன. அந்த ஒரு ராத்திரி வேலை மட்டும் கிடைக்கவில்லை.

ஒன்றிரண்டு ரீஸ்டார்ட்டில் பல நேரம் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிவைரஸ் அந்த நேரத்தில் புரொஃபைல் ஃபைலைப் பிடித்து வைத்திருந்தால்கூட இப்படி ஆகும். தொடர்ந்து வந்தால் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும். அது கை பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதைவிடப் பாதுகாப்பான வழி, புதிய யூசர் ஒன்றை உருவாக்கி, பழைய ஃபோல்டரிலிருந்து ஃபைல்களை அதற்குள் காப்பி செய்துகொள்வது.

டிஸ்க் நிரம்பினால்கூட இப்படி ஆகுமா?

கண்டிப்பாக ஆகும். உள்ளே நுழையும்போதே விண்டோஸுக்கு எழுத இடம் தேவை. சிவதாபுரம் பக்கத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருடைய லேப்டாப்பைப் பார்த்தேன். புது டிசைன் ஒவ்வொன்றையும் போட்டோவும் வீடியோவுமாக எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து, எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருந்தார். சி டிரைவ் சிவப்புக் கோட்டில், மீதி இடம் பூஜ்யம். டி டிரைவோ ஒன்றுமே இல்லாமல் காலியாகக் கிடந்தது. வீடியோக்களை அங்கே நகர்த்தியதும் லேப்டாப் பழையபடி எழுந்துவிட்டது. ஃபார்மட்டும் இல்லை, புது டிஸ்க்கும் இல்லை.

சி டிரைவில் எப்போதும் 20 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் இரண்டையும் முதலில் பாருங்கள்.

சேஃப் மோடுக்கு எப்படிப் போவது? எஃப்8 அழுத்தினால் வரவில்லையே.

விண்டோஸ் 7-இல் எஃப்8 வேலை செய்தது. இப்போது அப்படி இல்லை. லாகின் திரையில் கீழ் மூலையில் உள்ள பவர் பட்டனைத் தட்டி, ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண் போட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு, 5 அழுத்தினால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு.

சேஃப் மோடில் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தால் விண்டோஸின் அடித்தளம் நன்றாக இருக்கிறது, மேலே ஏறிய ஏதோ ஒரு டிரைவரோ புரோகிராமோதான் தடுக்கிறது என்று முடிவு செய்யலாம். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதியும், விண்டோஸை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரிஸ்டோரும் இருக்கின்றன. சிஸ்டம் ரிஸ்டோர் உங்கள் டாக்குமென்ட்களைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்களையும் டிரைவர்களையும் எடுத்துவிடும். ஆனால் முன்கூட்டியே அதை ஆன் செய்து வைத்திருந்தால்தான் பயன்படும். பல லேப்டாப்களில் அது ஆஃபில்தான் கிடக்கிறது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே ஆன் செய்துகொள்ளுங்கள். கையோடு இன்னொரு அட்மினிஸ்ட்ரேட்டர் யூசரையும் உருவாக்கி வையுங்கள். ஒரு புரொஃபைல் கெட்டால் மற்றொன்றின் வழியாக உள்ளே போகலாம்.

நடுவில் ஏதோ 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எதுவும் வைக்கவே இல்லை.

அது பிட்லாக்கர் ரிக்கவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் வைக்காவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்து தொடங்கிய பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்த அக்கவுண்ட்டைத் திறந்து, டிவைஸஸ் பகுதியில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கடையில் வாங்கும்போது அவர்களே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருந்தால், எந்த ஐடி, என்ன பாஸ்வேர்டு என்று இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிய டிஸ்க்கை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பேட்டரி நன்றாக இருந்தால் இல்லை. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் என்றால் நிறையவே சம்பந்தம் உண்டு. அப்டேட் ஏறும்போதோ புரொஃபைல் எழுதப்படும்போதோ கரண்ட் போனால் ஃபைல் பாதியில் அறுந்து கெட்டுவிடும். எஸ்டேட் ஆபீஸ்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் இருந்து வரும் லேப்டாப்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். புது பேட்டரி போடுங்கள், முடியாவிட்டால் ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது.

கீழே சேலத்தில் பிரச்சினை வேறு. வெயில் 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் அடைத்த லேப்டாப் சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லாகின் ஆக ஏழெட்டு நிமிடம் ஆகிறது என்பார்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீடு ஒன்றிலிருந்து வந்த லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. சாதாரண பெயின்ட் பிரஷ்ஷால் அதை உருட்டி எடுத்ததும் மறுபடி காற்று போக ஆரம்பித்தது. தறி வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சுத்தம் தேவை.

ரொம்ப நேரம் சுற்றுகிறது. உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது.

உடனே ஆஃப் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ரீடிங் ஹெட் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும்போது அந்தச் சத்தம் வரும். இந்த நிலையில், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள், கேட்காதீர்கள். நோய்ப்பட்ட டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்தால் மீதி இருப்பதும் போய்விடும். முதலில் டேட்டாவை எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ‘டிக் டிக்’ தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் நீங்களாக முயலாமல், டேட்டா ரிக்கவரி மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

சத்தம் இல்லாமல் வெறும் தாமதம் என்றால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அது மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்க் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நீலமாக இருந்தும் மெதுவாக இருந்தால், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போடுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் எழவே மாட்டேன் என்கிறது. டேட்டாவை எப்படி எடுப்பது?

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், வேறொரு கம்ப்யூட்டர் மூலம் ரூஃபஸ் என்ற புரோகிராமைக் கொண்டு விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ ஏற்றுங்கள். பழுதான லேப்டாப்பில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன், எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் கீயை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். லினக்ஸ் திரை வந்ததும் ‘இன்ஸ்டால்’ பக்கமே போகாதீர்கள்; அது டிஸ்க்கை அழித்துவிடும். இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் நிலையில் உங்கள் டிரைவ்களைத் திறந்து, வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். டிரைவில் எழுத முடியாது என்று சொன்னால் பரவாயில்லை, படிக்க முடிந்தால் போதும்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றோடு நிறுத்திவிட்டால் போதாது.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்களும் ஜவ்வரிசி வியாபாரிகளும் வருஷக் கணக்கை எல்லாம் டேலி என்ற கணக்கு புரோகிராமில் வைத்திருக்கிறார்கள். டேலியின் டேட்டா பெரும்பாலும் உங்கள் பெயர் ஃபோல்டரில் இருக்காது; யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற ஃபோல்டரில், டேலி பெயருள்ள ஃபோல்டரில், டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். உள்ளே 10000 என்பது போல வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் முழுக் கணக்கு. பார்க்க ஏதோ சிஸ்டம் ஃபைல் மாதிரி இருப்பதால் விட்டுவிடுகிறார்கள். டேட்டா ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி எடுங்கள்.

அச்சகம் வைத்திருப்பவர்கள், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர்கள் ஃபான்ட்களை மறக்கக் கூடாது. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத தமிழ் ஃபான்ட்டில் அடித்த பழைய ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். தனக்கு மட்டும் என்று நிறுவிய ஃபான்ட்கள் உங்கள் பெயர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும். அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் நிம்மதி.

அரசு கொடுத்த பழைய லேப்டாப், பாஸ் லினக்ஸ். பாஸ்வேர்டு போட்டால் திரும்பவும் லாகின் திரைக்கே வருகிறது.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பாஸ் லினக்ஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. அதனால் டெபியன், உபுண்டுவுக்குச் சொல்லும் தீர்வே பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வருவதற்கு முதல் சந்தேகம், டிஸ்க் நிரம்பியிருப்பது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய் வேண்டாததை அழிக்கலாம். இடம் இருந்தும் இப்படி என்றால், ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது புதிதாக உருவாகிக்கொள்ளும்.

பாஸ்வேர்டே தவறு என்கிறது. நிச்சயம் சரியாகத்தான் அடிக்கிறேன்.

கீபோர்டு தமிழில் நிற்கிறதா பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். கேப்ஸ் லாக்கையும் ஒரு முறை பாருங்கள்.

விண்டோஸ் 10-இலேயே இருக்கலாமா?

அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லேப்டாப் ஓடும், ஆனால் நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால் பாதுகாப்பு அப்டேட் வராது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி லேப்டாப்பில் வேண்டும். 4 ஜிபி ரேமில் அது ஏறினாலும் லாகின் ஆகி உட்காரவே திணறும். ரேமை 8 ஆக்கிவிட்டு மாறுங்கள்.

அப்படியானால் ஃபார்மட்டே வேண்டாமா?

வேண்டிய நேரம் உண்டு. டேட்டா முழுதும் வெளியே வந்துவிட்டது, சேஃப் மோடிலும் நிற்கிறது, சிஸ்டம் ரிஸ்டோரும் கைகொடுக்கவில்லை, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழியை முயலுங்கள். அதிலும் நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் எல்லாம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது என்ன சொல்ல வேண்டும்?

“ஹேங் ஆகுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது, கடைசியாக என்ன நிறுவினீர்கள், கரண்ட் போனதா, சத்தம் வந்ததா என்று சொல்லுங்கள். திரையை மொபைலில் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். “என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது” என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் டேட்டா இருக்கிறது. சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள்.